குட்டையில் வெங்காயத் தாமரை விட்டால் கிருமி போய்விடுமா?

புதுக்கிணறு:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கிறது. பத்து மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், நடுவில் இடுப்பளவு ஆழம். குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் ஒரே குழாய் வழியாக அதில்தான் விழுகிறது. கழிவறைக்குத் தனியாக செப்டிக் டேங்க் உண்டு. வீட்டில் ஐந்து பேர்.

தண்ணீர் அடர்பச்சையாக இருக்கிறது. விடியற்காலையில் கிட்டே போனால் நாற்றம் தாங்க முடியவில்லை, வெயில் ஏறியதும் குறைந்துவிடுகிறது. சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தேன். 100 மில்லிக்கு 24,000 மலக் கோலிஃபார்ம் (மலத்தோடு வருகிற பாக்டீரியா) என்று எழுதிக் கொடுத்தார்கள்.

போன வாரம் ஒரு வீடியோ பார்த்தேன். கண்ணாடித் தொட்டியில் சாக்கடைத் தண்ணீரை ஊற்றி, மேலே வெங்காயத் தாமரையை மிதக்கவிடுகிறார்கள். சில நாளில் தண்ணீர் பளிங்காகிவிடுகிறது. கடைசியில் ஒருவர் அதைக் குடித்தும் காட்டுகிறார்.

குட்டை முழுக்க இந்தச் செடியை விட்டால் கிருமி நிஜமாகவே போகுமா? சோப்பு, எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் என்ன ஆகும்? தோட்டத்துக்குப் பாய்ச்சலாமா? பேராசைதான், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன்: குடிக்கிற அளவுக்குக் கொண்டுவர வழி உண்டா?

கூழாங்கல்:

குடித்துக் காட்டியவர் மறுநாள் எப்படி இருந்தார் என்பதையும் வீடியோவில் காட்டியிருக்கலாம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். செடியை மட்டும் நம்பி எந்தத் தண்ணீரையும் குடிக்காதீர்கள். மற்றவற்றுக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

நான் ஒரு பயிற்சி நிலையத்தில், விடுதியின் குளியல் தண்ணீரையும் சமையல்கூடத் தண்ணீரையும் சுத்தம் செய்கிற நாணல் படுகையை, அதாவது ஜல்லி நிரப்பி நீர்ச்செடி நட்ட பள்ளத்தை, பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் எல்லாரும் செடியைத்தான் படம் எடுப்பார்கள். கல்வாழை பூத்திருந்தால் கேட்கவே வேண்டாம். வேலை நடப்பதோ அதற்குக் கீழே, ஜல்லிக்குள். அதை யாரும் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

படுகையில் கழிவுநீர் நுழைகிற முனையில் கையை விட்டு ஒரு பிடி ஜல்லி அள்ளினால் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். நடுவில் அள்ளினால் பழுப்பு. விரலில் தேய்த்தால் வழுக்கும், வாடை மண்வாடையாகிவிடும். வெளியேறுகிற முனையில் கல் கல்லாகவே இருக்கும். நடுவில் விரலில் பட்ட அந்த வழுக்கல்தான் உங்கள் சோப்பையும் பிசுக்கையும் தின்கிறது. பாக்டீரியாக்கள் கல்லிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு, ஒரு பசையைச் சுரந்து, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகின்றன. கரைந்திருக்கும் அழுக்கு அவற்றுக்குச் சாப்பாடு. மிதக்கிற துகள்கள் கல்லிடுக்கில் மாட்டிக்கொள்கின்றன; துகளோடு ஒட்டிவந்த கிருமிகளும் அங்கேயே மாட்டும்.

அப்படியானால் செடி எதற்கு? சம்புத் தண்டு ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே ஸ்பாஞ்ச் போல முழுக்க முழுக்கக் காற்றறைகள். சேற்றில் நிற்கிற செடி மூச்சுவிட வேண்டுமே, அதற்காக இலையிலிருந்து வேர்வரை காற்றை இறக்கும் ஏற்பாடு அது. வேர்நுனியில் அதில் கொஞ்சம் வெளியே கசியும். அந்த மெல்லிய வட்டத்துக்குள் ஆக்ஸிஜன் இருப்பதால் அங்கே வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறது. சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால் ஆக்ஸிஜனே கிடையாது. அங்கே இருக்கிற வேறு கூட்டம் அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். கசிகிற ஆக்ஸிஜன் குறைவுதான், அதனால் படுக்கைவாட்டில் தண்ணீர் ஓடும் படுகையில் அம்மோனியா முழுக்கப் போகாது. ஆனாலும் வேர் இருந்தால்தான் இந்தக் குடித்தனங்களுக்கு இடமும், வகையும் கூடும்.

இது புது யோசனையும் இல்லை. ஜெர்மனியில் கேத்தே ஸீடல் என்கிற ஆய்வாளர் 1950களிலேயே கோரை இனச் செடிகளை வைத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட படுகைகள் ஓடுகின்றன.

இப்போது உங்கள் குட்டை. அந்தப் பச்சை பாசிதான். பகலில் அது ஆக்ஸிஜன் விடுகிறது. இரவில் அதே பாசி ஆக்ஸிஜனை உறிஞ்சித் தீர்க்கிறது. விடிவதற்கு முன் தண்ணீரில் ஆக்ஸிஜன் கிட்டத்தட்ட வற்றிவிடும், நாற்றம் கிளம்பும். வெயில் வந்ததும் அடங்கும். நீங்கள் எழுதியதும் இதற்கு அப்படியே பொருந்துகிறது. பாசி இவ்வளவு செழிக்கிறது என்றால் நைட்ரஜனும் பாஸ்பரஸும் தாராளமாக வந்து விழுகின்றன என்று பொருள்.

வெங்காயத் தாமரையால் மேலே மூடினால் வெளிச்சம் உள்ளே போகாது, பாசி செத்து அடியில் படியும், தண்ணீர் தெளியும். வீடியோவில் பார்த்தது இதைத்தான். அதில் பொய் இல்லை. ஆனால் தெளிந்த தண்ணீரில் கிருமி எத்தனை மிச்சம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குட்டை முழுக்க மூடிவிட்டால் வேறொரு வம்பும் உண்டு: காற்றும் வெயிலும் படாமல் அடித்தண்ணீர் இன்னும் கெடும். நாற்றம் காலையோடு நிற்காமல் நாள் முழுக்க வரும்.

நானாக இருந்தால் குட்டைக்குள் எதையும் விடமாட்டேன். குழாய்க்கும் குட்டைக்கும் நடுவில் ஒரு ஜல்லிப் படுகை போடுவேன். ஆளுக்கு 100 லிட்டர் என்றால் நாளுக்கு 500 லிட்டர். ஐந்து மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் அரை மீட்டர். கல் போக மிஞ்சும் இடைவெளி ஏறத்தாழ 40 சதவீதம். கணக்குப் போட்டால் 2,000 லிட்டர் பிடிக்கும், அதாவது தண்ணீர் உள்ளே நான்கு நாள் தங்கும். குளியல், துவையல் தண்ணீருக்கு அது போதும். அடியில் தண்ணீர் இறங்காதபடி கனமான விரிப்பு போடுங்கள். ஜல்லியின் மேல்மட்டத்துக்கு ஐந்து பத்து சென்டிமீட்டர் கீழேயே தண்ணீர் நிற்கட்டும். வெளியே தண்ணீர் தெரியாவிட்டால் கொசுவுக்கு வேலை இல்லை.

பாத்திரம் கழுவுகிற தண்ணீரை நேராக உள்ளே விட்டுவிடாதீர்கள். முன்னால் ஒரு சின்னத் தொட்டியில் எண்ணெய் மிதக்க, கசடு அடியில் தங்க நேரம் கொடுங்கள், அதை அடிக்கடி வாருங்கள். நான் கேள்விப்பட்ட படுகைகளில் செத்துப்போனவை எல்லாம் நுழைமுனை அடைத்துத்தான் செத்தன. செடி பட்டுப்போனதால் படுகை கெட்டது என்று ஒன்றுகூட இல்லை.

நுண்ணோக்கி:

கூழாங்கல் அண்ணா சொன்ன அந்த வழுக்கலைத் தினமும் பார்க்கிறவள் நான். கழிவுநீர் மாதிரிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. வேரிலிருந்து கொஞ்சம் சுரண்டி கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்தால் வார்ட்டிசெல்லா என்று ஒரு ஒருசெல் உயிரி கூட்டமாகத் தெரியும். தலைகீழ் மணி வடிவத்தில், நீளமான காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். மணியின் வாயைச் சுற்றியுள்ள இழைகளைச் சுழற்றித் தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் வருகிற பாக்டீரியாவை விழுங்கும். கண்ணாடித் துண்டை லேசாகத் தட்டினால் காம்பு சுருண்டு பின்னுக்குப் போகும், பிறகு மெல்ல நீளும். வேலைக்கு நடுவில் இதைப் பார்த்துக்கொண்டே நேரம் போவது தெரியாது.

சொல்ல வந்தது இதுதான்: கிருமியைச் செடி "உறிஞ்சி"விடுவதில்லை. கிருமி படிந்து போகிறது, மாட்டிக்கொள்கிறது, தின்னப்படுகிறது, அப்புறம் உடம்புக்கு வெளியே பிழைக்கத் தெரியாமல் நாளாக நாளாகத் தானே சாகிறது. வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் சாகும். சில செடிகளின் வேர் சுரக்கும் பொருள்களுக்கும் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு என்கிறார்கள், ஆனால் அதை நம்பிப் படுகையை வடிவமைக்க முடியாது.

அடுத்தது சதவீதக் கணக்கு. நல்ல படுகை ஒன்று மலக் கோலிஃபார்மில் 90 முதல் 99 சதவீதம்வரை குறைக்கும். கேட்க அபாரமாக இருக்கும். உங்கள் 24,000த்தில் 90 சதவீதம் போனால் மிச்சம் 2,400. 99 சதவீதம் போனால் 240. பச்சையாகச் சாப்பிடுகிற பயிருக்குப் பாய்ச்ச 100 மில்லிக்கு 1,000த்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989இல் ஓர் அளவு சொன்னது. ஆக, படுகை நன்றாக ஓடினால் தோட்டத்துக்குத் தேறும், ஓடாவிட்டால் தேறாது. குடிநீருக்கு அளவு சுழியம். 100 மில்லியில் மலக் கோலிஃபார்ம் வகையான ஈ.கோலை ஒன்றுகூடத் தெரியக்கூடாது. 240இலிருந்து சுழியத்துக்குப் போக இன்னொரு படுகை போதாது. கொதிக்கவைப்பது, குளோரின், புறஊதா விளக்கு என்று வேறு வழிக்குத்தான் போகவேண்டும். சோப்புத் தண்ணீர் விழுகிற குட்டையை அப்படியெல்லாம் பாடுபட்டுக் குடிநீராக்குவதில் அர்த்தமே இல்லை.

வேர் கிருமியைப் பிடிக்கும் என்பதற்கு மறுபக்கமும் உண்டு. வங்கதேசத்தில் ஆய்வாளர்கள் காலராக் கிருமி கலந்த தண்ணீரில் வெங்காயத் தாமரையை வைத்துப் பார்த்தார்கள். கிருமி வேரில் போய் ஒட்டிச் சேர்ந்திருந்தது. 1981இல் வெளிவந்த ஆய்வு அது. தண்ணீரில் கிருமி குறைகிறது, வேரில் கூடுகிறது. அந்தச் செடியை வெறுங்கையால் அள்ளிக் கரையில் போடுகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளை விடாதீர்கள்.

ஒரு கேள்வி: மாதிரித் தண்ணீரைக் குட்டையின் எந்த இடத்தில் எடுத்தீர்கள்?

மீன்தொட்டி:

எல்லாரும் சேர்ந்து வெங்காயத் தாமரையை இப்படி மட்டம் தட்டுவது நியாயமில்லை. நாசாவே 1970களில் மிசிசிப்பியில் தங்கள் வளாகத்துக் கழிவுநீர்க் குட்டைகளில் இதைத்தான் வளர்த்தது. பில் வொல்வர்ட்டன் என்பவர் அதில் முன்னணியில் இருந்தார். சும்மாவா செய்திருப்பார்கள்?

என் மீன்குளத்திலும் ஓர் ஓரத்தில் கயிறு கட்டி விட்டிருக்கிறேன். நைட்ரேட் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, பாசியும் இல்லை. மீன் குஞ்சுகள் அந்த வேருக்குள்தான் ஒளிந்துகொள்கின்றன. ஜல்லி, விரிப்பு, பள்ளம் என்று செலவு வைக்காமல் எளிதாக முடிகிற விஷயம்.

கூழாங்கல்:

மட்டம் தட்டவில்லை. வளர்கிற வேகத்தில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. நல்ல வெயிலும் சத்தும் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அந்த வேகம்தான் அதன் பலம். நாசா பயன்படுத்திக்கொண்டதும் அதைத்தான். ஆனால் அங்கே செடியை விட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, அறுவடை செய்து அப்புறப்படுத்தும் வேலையும் சேர்ந்தே இருந்தது. நீங்களும் ஓர் ஓரத்தில் கயிறு கட்டி அடக்கி வைத்திருக்கிறீர்கள், அதனால்தான் சரியாக நடக்கிறது. உங்கள் மீன்கள் போடுகிற அழுக்கும் ஒரு வீட்டுச் சாக்கடையும் ஒன்றல்ல.

அள்ளுவது என்றால் எவ்வளவு என்று பார்ப்போம். இந்தச் செடியில் 95 சதவீதம் தண்ணீர்தான். 100 கிலோ அள்ளிக் காயவைத்தால் ஐந்து கிலோ தேறும், அதில் நைட்ரஜன் சுமார் 100 கிராம். ஒரு ஆள் சிறுநீர், மலம் வழியாக மட்டும் நாளுக்குப் பத்து கிராம் அளவில் நைட்ரஜன் வெளியேற்றுகிறார். ஐந்து பேர் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் முழுக்கக் குட்டைக்கு வருவதாக வைத்துக்கொண்டால், இரண்டு நாள் வரவை எடுக்க 100 கிலோ ஈரச்செடியை அள்ளவேண்டும். குளியல் தண்ணீரில் நைட்ரஜன் இதில் ஒரு சிறு பங்குதான், அதனால் அந்த அளவுக்குப் போகாது. இருந்தாலும் வாரா வாரம் குனிந்து அள்ள ஆள் வேண்டும். அள்ளாமல் விட்டால் செடி அங்கேயே அழுகி, எடுத்ததை எல்லாம் திரும்பக் குட்டைக்கே கொடுத்துவிடும், கூடவே ஆக்ஸிஜனையும் காலி செய்யும். உங்கள் மீன்களுக்கு அது நல்லதில்லை.

கொசு விஷயமும் இருக்கிறது. மான்சோனியா என்று ஒரு கொசு. மற்ற கொசுவின் புழு மூச்சுவிட மேலே வரும், மீன் அதைப் பிடித்துத் தின்னும். மான்சோனியாவின் புழு மேலே வருவதே இல்லை. மிதக்கிற செடியின் வேரைக் குத்தி, அதற்குள் இருக்கிற காற்றை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். யானைக்கால் நோயின் ஒரு வகையைப் பரப்புவது இந்தக் கொசுதான். மீன் விட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருக்க முடியாது.

அப்புறம், இதை ஓடையோ ஆறோ தொடும் இடத்தில் வளர்க்கவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முதல் வளர்ப்பதும் விற்பதும் தடை. தப்பித்துப் போனால் பிடிக்க முடியாத செடி என்பதால்தான்.

செலவில்லாத வழி வேண்டும் என்றால் செடியைவிட வெயிலை நம்பலாம். கொல்கத்தாவுக்குக் கிழக்கே 12,500 ஹெக்டேர் ஈரநிலம் இருக்கிறது, 2002இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. நகரத்தின் சாக்கடைத் தண்ணீரை ஆழமில்லாத குளங்களில் விட்டு மீன் வளர்க்கிறார்கள். தண்ணீரைத் தேற்றுவதில் பெரும்பங்கு வெயிலுக்கும் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும்தான். வெங்காயத் தாமரை அங்கேயும் உண்டு, ஆனால் பெரும்பாலும் கரையோரத்தில், அலை அடித்துக் கரை கரையாமல் இருப்பதற்காக. நடுக்குளம் திறந்தே கிடக்கும்.

புதுக்கிணறு:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

நுண்ணோக்கி அக்கா, குழாய் விழுகிற இடத்தில் எடுத்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்று நினைத்து, வேண்டுமென்றே எதிர்க்கரையில் எடுத்தேன். அந்தப் பக்கம்தான் செப்டிக் டேங்கும் இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி. அதில் ஏதாவது தப்பு உண்டா?

படுகை போடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். என்ன செடி வைப்பது? பக்கத்தில் பெயிண்ட் அடிக்கிற ஒரு பட்டறையும் இருக்கிறது, மழையில் அங்கிருந்தும் தண்ணீர் வரும். அந்த மாதிரி நஞ்சையெல்லாம் செடி எடுத்துவிடும் என்று படித்தேன், உண்மையா?

நுண்ணோக்கி:

தப்பில்லை, ஆனால் இப்போது கதையே மாறுகிறது. உங்கள் குட்டையின் சராசரி ஆழம் அறுபது சென்டிமீட்டர் என்று வைத்தால் 36,000 லிட்டர். நாளுக்கு 500 லிட்டர்தான் வருகிறது. அப்படியானால் தண்ணீர் இரண்டு மாதத்துக்கு மேல் அங்கே கிடக்கிறது. திறந்த குட்டையில் அவ்வளவு நாள் கிடந்தால் மலக் கிருமி நன்றாகவே குறைந்திருக்கவேண்டும். குழாய்க்கு எதிர்க்கரையில் 24,000 இருக்கிறது என்றால் புதிதாக ஏதோ அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருக்கிறது. வாத்து, மாடு இறங்குவதில்லை என்றால் எனக்குச் சந்தேகம் செப்டிக் டேங்கின் மேல்தான்.

கூழாங்கல்:

எனக்கும் அதேதான் தோன்றியது. படுகை வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டு முதலில் இதைப் பாருங்கள். ஃப்ளூரசீன் என்று ஒரு சாயப்பொடி கிடைக்கும், பளீரென்ற பச்சை. குட்டையே பச்சையாக இருப்பதால் உங்களுக்குச் சிவப்புச் சாயம்தான் சரி, ரோடமைன் வகை. கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டு, அடுத்த சில நாள் அந்தக் கரையைக் கவனியுங்கள். சாயம் தெரிந்தால் டேங்கில் கசிவு உறுதி. தெரியாவிட்டால் கசிவே இல்லை என்று அர்த்தமில்லை. மண் சாயத்தைப் பிடித்துவைத்திருக்கலாம், மழைக்குப் பிறகு இன்னொரு தடவை பாருங்கள். கசிவை அடைக்காமல் என்ன செடி வைத்தாலும் எண்ணிக்கை இறங்காது.

செடிக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். உங்கள் பக்கத்து வாய்க்கால் ஓரத்தில் தானாக வளர்ந்து நிற்பது எதுவோ அதுதான் நன்றாக வரும்: சம்பு, நாணல், கோரை. கல்வாழை பார்க்க அழகு, வேகமாகப் பிடித்துக்கொள்ளும். சம்பு மட்டும் கொஞ்சம் அடாவடி, மற்றதை நெருக்கிவிடும். வேர்விட்டுத் தழைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வெளியேறும் தண்ணீரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு முறை தண்டை வெட்டி வெளியே எடுத்துவிடுங்கள். பாஸ்பரஸ் விஷயத்தில் மட்டும் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஜல்லி அதைப் பிடிக்கும், பிடிக்கிற இடமெல்லாம் நிறைந்ததும் விட்டுவிடும்.

பட்டறைத் தண்ணீரைப் படுகைக்குள் வரவே விடாதீர்கள். ஒரு வரப்பு போட்டுத் திருப்பிவிடுங்கள். ஈயம், காட்மியம் போன்றவற்றைச் சில நீர்ச்செடிகள் எடுக்கும் என்பது உண்மை, பெரும்பாலும் வேரிலேயே சேர்த்துவைக்கும். ஆனால் உலோகம் அழிவதில்லை, தண்ணீரிலிருந்து செடிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்தச் செடியை மாட்டுக்கும் போட முடியாது, உரக்குழியிலும் போட முடியாது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் அந்த வேலையில் இறங்காதீர்கள். பெயிண்ட்டில் இருக்கிற கரைப்பான்கள் வேறு, படுகையில் இருக்கிற பாக்டீரியாவையே கொன்றுவிடும்.

படுகையிலிருந்து வெளிவருகிற தண்ணீர் குட்டைக்கே போகட்டும். குட்டையின் நடுப்பகுதியை வெயிலுக்குத் திறந்து வையுங்கள். தோட்டத்துக்கு எடுக்கும்போது செடியின் தூரில் விடுங்கள், இலை மேல் தெளிக்காதீர்கள்; கீரை மாதிரி பச்சையாகத் தின்பதற்கு வேண்டாம், மரங்களுக்குப் பாய்ச்சுங்கள்.

அடுத்த சோதனைக்கு மூன்று மாதிரி எடுங்கள்: படுகைக்குள் நுழையும் இடம், வெளியேறும் குழாய், செப்டிக் டேங்க் பக்கத்துக் கரை. சோதனைக்கூடத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள், உள்பக்கம் விரல் படக்கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மூன்று எண்ணும் வந்ததும் இங்கே போடுங்கள், படுகையின் அளவைத் திரும்பக் கணக்குப் பார்க்கலாம்.